ஆறு லட்சம் ரூபாயும் ஐந்நூறு கழுத்துகளும்

வாசகர் கேள்வி: மணவாளக்குறிச்சிக்கு அருகிலுள்ள ஒரு கடலோரக் கத்தோலிக்கத் திருச்சபைப் பங்கில் பொருளாளராக இருக்கிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். திருவிழாச் செலவு போக மிஞ்சியதும், வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பியதுமாக ஆறு லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்று, ஆளுக்கு 1,200 ரூபாய் சலுகை விலையில் 500 பேருக்கு முழு உடல் பரிசோதனை முகாம் நடத்தித் தருவதாகச் சொல்கிறது. அறுபது வகை இரத்த அளவுகள், இரத்தத்தில் புற்றுநோய்க் குறியீடு, கழுத்து ஸ்கேன் ஆகிய எல்லாம் அதில் அடக்கம். ஆண்டுதோறும் நடத்தலாம் என்றும் சொல்கிறார்கள். எங்கள் கடற்கரை மணலில் கதிரியக்கம் இருப்பதால் தைராய்டு புற்றுநோய் பற்றிய பயம் ஊரில் அதிகம். பங்குப் பேரவையில் நான், "செலவுக்கேற்ற பலன் உண்டா என்று பார்க்க வேண்டாமா?" என்று கேட்டதற்கு, "உயிருக்கு விலை போடுகிறீர்களா, சார்?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். மருத்துவச் செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் பார்ப்பதுதான் தங்கள் தொழில் என்பதால் கேட்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

தங்களிடம் கோபித்துக்கொண்டவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்பவர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார். ஆனால் தங்கள் பேரவையின் முன்னால் இருப்பது உயிரின் விலை பற்றிய கேள்வியே இல்லை. ஆறு லட்சம் ரூபாயை ஒருமுறைதான் செலவிட முடியும். கழுத்து ஸ்கேனுக்குப் போன பணம், வேறொருவருடைய வாயில் மாதக்கணக்காக ஆறாமல் இருக்கும் புண்ணைப் பார்க்க வராது. கணக்குப் பார்த்துச் செலவிட்டாலும் யாரோ ஒருவர் விடுபடுவார், பார்க்காமல் செலவிட்டாலும் விடுபடுவார். கணக்குப் பார்க்காதபோது அவர் விடுபட்டது யாருக்கும் தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நாடுகள் அளவிலும் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 1999 முதல் இதற்கென்றே ஓர் அமைப்பு இயங்குகிறது. இந்தியாவிலும் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கான ஓர் அமைப்பு உண்டு. நல்ல நலத்தோடு வாழும் ஓர் ஆண்டை ஒன்று என்றும், வலியோடும் முடக்கத்தோடும் வாழும் ஆண்டை அதற்குக் குறைவான பின்னமாகவும் வைத்து, ஒரு சிகிச்சையோ பரிசோதனையோ அப்படிப்பட்ட ஆண்டுகளை எத்தனை கூட்டுகிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையின் சாரம். இதில் பரிசோதனையால் இழக்கும் நலத்தையும் கழித்தாக வேண்டும் என்பதைத்தான் முகாம் நடத்துபவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பேக்கேஜில் உள்ள இரத்தச் சோதனைகளிலிருந்து தொடங்குவோம். ரிப்போர்ட்டில் ஒவ்வோர் அளவுக்கும் எதிரே ‘இயல்பு வரம்பு’ என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும் அல்லவா? பெரும்பாலான சோதனைகளில், ஆரோக்கியமானவர்கள் பலரின் அளவுகளை எடுத்து, நடுவில் விழும் 95 சதவீதத்தை இயல்பு என்று வைப்பதன் மூலமே அந்த வரம்பு கிடைக்கிறது. அதாவது நோய் எதுவும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் அந்த வரம்புக்கு வெளியே இருப்பார்கள் என்பது அதன் இலக்கணத்திலேயே உள்ளது. ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை ஆரோக்கியமான ஒருவருக்குச் செய்தால், எல்லாமே வரம்புக்குள் வருவதற்கான வாய்ப்பு 36 சதவீதம்தான். மீதி 64 சதவீதத்தினருக்கு ஏதாவது ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகி வரும். தங்கள் ஐந்நூறு பேரில் அது 320 பேர். அறுபது சோதனைகள் என்று விளம்பரம் செய்தாலும் அவற்றில் பல ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், இருபது என்று நான் எடுத்துக்கொண்டது அடக்கமான கணக்குதான்.

அந்த 320 பேர் அடுத்த வாரம் என்ன செய்வார்கள்? ஒருவர் நாகர்கோவிலில் ஒரு டாக்டரைப் பார்ப்பார். அவர் மறுபரிசோதனை எழுதித் தருவார். துணைக்கு வீட்டிலிருந்து ஒருவர் வருவார். இருவருக்கும் அன்றைய கூலி போகும். டாக்டர் கட்டணம், மறுசோதனை, பேருந்து, ஆட்டோ, இழந்த கூலி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 6,40,000 ரூபாய் வருகிறது. இந்தத் தொகை தாங்கள் கையில் வைத்திருக்கும் நிதியைவிட அதிகம். பரிசோதனைக் கூடத்தின் ரசீதில் இது வராது. ஊரிலுள்ள குடும்பங்கள் தனித்தனியாகத் தங்கள் மடியிலிருந்து கொடுத்துவிடுவார்கள் என்பதால் பங்கின் கணக்குப் புத்தகத்திலும் வராது. சலுகை விலை என்பது வாசல்வரைக்கும்தான்.

புற்றுநோய்க் குறியீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கான பேக்கேஜ்களில் வழக்கமாகச் சேர்க்கப்படும் சிஏ-125 என்ற இரத்தச் சோதனையை, இங்கிலாந்தில் மாதவிடாய் நின்ற இரண்டு லட்சம் பெண்களை வைத்து நீண்டகாலம் ஆராய்ந்தார்கள். 2021-ல் முடிவு வந்தபோது, சூலகப் புற்றுநோயைச் சற்று முன்னதாகக் கண்டுபிடிக்க முடிந்திருந்தும், அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. புற்றுநோய் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்குச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று கவனிக்க அந்தச் சோதனை உதவும். ஊர் முழுக்கச் செய்வதற்கு அது ஏற்றதில்லை.

இனி கழுத்துக்கு வருகிறேன். தக்கலைப் பக்கம் வளர்ந்த எனக்குக் கடற்கரைக் கருமணல் பற்றிய பேச்சு சிறு வயதிலேயே பழக்கம். மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் இருக்கிறது. அதனால் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம் என்பது உண்மை. இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு கூடியதற்கேற்பப் புற்றுநோய் கூடியதாகக் காணப்படவில்லை. அது நம் ஊரில் செய்த ஆய்வு அல்ல என்றாலும், அதே மணலில் குடியிருப்பவர்களிடம் செய்த ஆய்வு என்பதால், ஊரின் பயத்தைக் கொஞ்சம் தணிக்க அதைத் தாங்கள் பேரவையில் சொல்லலாம்.

‘சரி, மணல் காரணமில்லை என்றே வைத்துக்கொள்வோம், ஸ்கேன் செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?’ என்று அடுத்த கேள்வி வரும். இதற்குத் தென்கொரியா மிகப் பெரிய விலை கொடுத்துப் பதில் கண்டுபிடித்திருக்கிறது. 1999-ல் அங்கே அரசு ஒரு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறு தொகையைக் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துச் செய்யத் தொடங்கின. தங்களிடம் வந்திருக்கும் சலுகைக்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை. 2011-ல் அந்த நாட்டில் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லப்பட்டது. 1993-ஐக் காட்டிலும் நோய் கண்டறியப்பட்ட விகிதம் பதினைந்து மடங்கு. நியாயமாகப் பார்த்தால், இவ்வளவு பேரை முன்கூட்டியே கண்டுபிடித்து அறுவை செய்ததற்குப் பலனாகத் தைராய்டு புற்றுநோய் மரணங்கள் சரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 400-க்கும் குறைவாக இருந்த மரணங்கள் அப்படியே இருந்தன, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அறுவை செய்துகொண்ட சுமார் 15,000 பேரின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்ததில், 11 சதவீதத்தினருக்குத் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பழுதாகிக் கால்சியம் குறைந்துபோயிருந்தது. 2 சதவீதத்தினருக்குக் குரல்நாண் செயலிழந்திருந்தது. சுரப்பியை முழுதாக எடுத்தவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். 2014-ல் அந்நாட்டு மருத்துவர்களில் ஒரு குழுவினர் வெளிப்படையாக எச்சரித்த பிறகு, ஒரே ஆண்டில் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. நோய் குறையவில்லை, தேடுவது குறைந்தது.

இது எப்படி நடக்கிறது என்றால், தைராய்டில் மிகச் சிறிய பாப்பிலரி வகைப் புற்றுக் கட்டிகள் பலரிடம் இருக்கின்றன. அவை வளராமலும் தொல்லை தராமலும் அவர்களோடேயே மண்ணுக்குப் போய்விடுகின்றன. பின்லாந்தில் 1985-ல் வெளியான ஓர் ஆய்வில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டைப் பிணக்கூறாய்வில் மிக நுணுக்கமாக வெட்டிப் பார்த்தபோது, 36 பேரிடம் அத்தகைய கட்டி இருந்தது. அல்ட்ராசவுண்டில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கேனும் ஏதோ ஒரு கட்டி தெரியும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்றே அல்ல. தங்கள் ஐந்நூறு பேரில் நூறு பேருக்காவது ‘கழுத்தில் கட்டி’ என்ற சொல் எழுதப்பட்ட காகிதம் கைக்கு வரும். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2017-ல் பரிந்துரைத்ததற்கு இதுவே காரணம்.

என் சித்தி ஒருவருக்கு இப்படித்தான் ஒரு பேக்கேஜில் கட்டி தெரிந்தது, சுரப்பியை எடுத்தார்கள். இப்போது தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இல்லாமல் அவரால் வெளியூர் போக முடியாது. ஆனால் அவர் என்னிடம், "அந்த ஸ்கேன் மட்டும் எடுக்காமல் இருந்திருந்தால் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றுதான் சொல்கிறார். இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டு இருந்தும் நான் அவரை மறுத்துப் பேசியதில்லை, ஏனென்றால் அவருடைய கட்டி வளர்ந்திருக்குமா, அப்படியே இருந்திருக்குமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தேவையில்லாமல் நோயாளி ஆக்கப்பட்டவர்களே அந்தப் பரிசோதனையை மிக மனமுவந்து பரிந்துரைப்பவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். தங்கள் பேரவையிலும் அப்படி ஒருவர் எழுந்து பேசக்கூடும். அவரோடு வாதாட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

‘முன்கூட்டியே கண்டுபிடித்தவர்களில் 98 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள்’ என்பது போன்ற வாசகம் விளம்பரத் தாளில் இருந்தால், அதைக் கண்டு மயங்க வேண்டாம். முட்டம் கலங்கரை விளக்கத்தின் மேலே நிற்பவர், கரையில் நிற்பவரைவிட முன்னதாகவே ஒரு வள்ளத்தைப் பார்த்துவிடுவார். அதனால் வள்ளம் கரை சேரும் நேரம் மாறுவதில்லை. பார்த்ததிலிருந்து சேரும்வரையிலான நேரம் மட்டும் அவருக்கு நீளமாகத் தெரியும். ஐந்தாண்டுக் கணக்கில் இந்த மாயம் எப்போதும் உண்டு. இன்னொன்றும் உண்டு: ஏதோ ஒரு நாளில் தூத்தூரில் வீடு வீடாக ஆண்களைக் கணக்கெடுத்தால், பெரும்பாலும் கரையிலேயே இருப்பவர்களைத்தான் பார்ப்போம், வாரக்கணக்காக ஆழ்கடலில் இருப்பவர்கள் நம் கணக்கில் விழமாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையிலும் மெதுவாக வளர்ந்து ஆண்டுக்கணக்காகத் தங்கியிருக்கும் கட்டிகளே அதிகம் சிக்கும். வேகமாக வளரும் கொடிய கட்டிகள் இரண்டு முகாம்களுக்கு இடையில் வந்து வேலையை முடித்துவிடும். ஆகவே ஒரு பரிசோதனை பலன் தருகிறதா என்று கேட்டால், பரிசோதித்த ஊரிலும் பரிசோதிக்காத ஊரிலும் அந்த நோயால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற ஒப்பீட்டைத்தான் கேட்க வேண்டும்.

ஆண்டுதோறும் செய்வது பற்றி ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எங்கள் துறைக்கு வரும் மாணவர்கள் முதலில் படிப்பவற்றுள் ஒன்று. பெருங்குடல் புற்றுநோயைத் தேட, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா என்று ஒரே ஆளுக்கு ஆறு முறை சோதிக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. 1975-ல் இருவர் அதைக் கணக்கிட்டபோது, ஆறு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 2,451 டாலர்தான் ஆனது. ஆனால் முதல் ஐந்து சோதனைகளிலேயே ஏறத்தாழ எல்லோரும் பிடிபட்டுவிடுவதால், ஆறாவது சோதனையால் மட்டும் கூடுதலாக ஒருவரைக் கண்டுபிடிக்க ஆன செலவு 4 கோடியே 70 லட்சம் டாலர். சராசரி இந்த ஓட்டையை மறைத்துவிட்டது. ‘ஆண்டுதோறும்’ என்ற சொல்லைக் கேட்டதும், கடைசியாகச் சேர்க்கும் சோதனை தனியாக என்ன தருகிறது என்று கேட்பது நல்லது.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று முடித்தால் அது தவறாகும். நம் எல்லைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996-ல் தொடங்கி 13 பஞ்சாயத்துகளில் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயை வெளிச்சத்தில் திறந்து பார்த்தார்கள். இயந்திரம் எதுவும் இல்லை, இரத்தம் எடுக்கவில்லை. வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ, ஆறாத புண்ணோ இருந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005-ல் வெளியான முடிவில், புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம், பரிசோதிக்காத பஞ்சாயத்துகளைவிட 34 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பழக்கங்கள் இல்லாதவர்களிடம் சொல்லத்தக்க பலன் தெரியவில்லை. பின்னர் அதன் செலவையும் கணக்கிட்டு 2009-ல் வெளியிட்டார்கள்: எல்லோரையும் பரிசோதித்தால் ஓர் ஆயுள் ஆண்டைக் காப்பாற்ற 835 டாலர்; பழக்கம் உள்ளவர்களை மட்டும் பரிசோதித்தால் 156 டாலர். யாரைப் பார்ப்பது என்ற ஒரே முடிவில் பணத்தின் பலன் ஐந்து மடங்கு கூடுகிறது.

நம் கரையில் முறுக்கான் (வெற்றிலை, பாக்கு, புகையிலை) போடும் பெரியவர்களும், பீடியும் பான்மசாலாவுமாக இரவெல்லாம் கடலில் விழித்திருப்பவர்களும் எத்தனை பேர் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்கின் சிறு குடும்பக் குழுக்களான தங்கள் அன்பியங்களில் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் இருக்கிறார்கள். முறுக்கான் போடுபவர் யார் என்ற பட்டியலை அவர்கள் ஒரு மாலையில் எழுதிவிடுவார்கள். எந்தப் பரிசோதனைக் கூடத்திடமும் இல்லாத வசதி இது.

பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனையும் இதே போலத்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் நடந்த ஆய்வில், நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறையை ஒரே ஒருமுறை செய்ததிலேயே அந்த நோயின் மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் அந்த முடிவு வந்தது. அங்கே பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு முடிந்தவரை அன்றைக்கே, மாறுதல் கண்ட திசுவை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். ‘அடுத்த வாரம் வாங்க’ என்று அனுப்பினால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசு மருத்துவ நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதற்குப் பங்கு காசு கொடுக்க வேண்டாம், கூச்சத்தைப் போக்கிக் கூட்டிக்கொண்டு போக ஆள் கொடுத்தால் போதும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அப்படியே. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ஆனால் கடலில் இருப்பவரின் கைக்கு அது போய்ச் சேருகிறதா என்று ஊர்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆறு லட்சத்தை என் கையில் கொடுத்தால் நான் இப்படிச் செய்வேன்: வாய்ப் பரிசோதனைக்கு, அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரின் வழிகாட்டுதலில் ஊரிலேயே நான்கைந்து பேரைப் பயிற்றுவிக்க ஒரு சிறு தொகை. மீதியில் பெரும்பகுதியைத் தொடாமல் வைத்து, சந்தேகம் என்று தெரிந்தவர்கள் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ போய்வரும் செலவுக்கும், அந்த நாட்களின் கூலிக்கும் கொடுப்பேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பத்துக்குச் சிகிச்சைச் செலவு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும். வலையும் வள்ளமும் கரையில் கிடக்கும் நாட்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. கண்டுபிடித்த பிறகு பாதியில் சிகிச்சையை விடுபவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள்.

ஒன்றைப் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்னதெல்லாம் எந்த அறிகுறியும் இல்லாதவர்களைப் பற்றியது. கழுத்தில் கைக்குத் தென்படும் கட்டி, காரணமில்லாமல் கம்மிப்போன குரல், மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு ஆகிய எது இருந்தாலும் முகாமுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். சிறு வயதில் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும், நெருங்கிய உறவில் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் தனியாக மருத்துவரிடம் ஆலோசனை பெறட்டும்.

நாள் குறிப்பது பற்றியும் ஒரு யோசனை. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வாய்ப் பரிசோதனையை ஜூன் முதல் வாரத்திலேயே தொடங்கினால், சந்தேகம் உள்ளவருக்குச் சதைத் துணுக்கு எடுத்து, முடிவு வாங்கி, தேவைப்பட்டால் சிகிச்சை தொடங்கும்வரை அவர் கரையில் இருப்பார். வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால், திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்திலேயே பார்த்துவிடலாம். அதற்குப் பங்குத்தந்தையிடம் தாங்கள் இப்போதே பேசி வைப்பது நல்லது.